காயப்பட்டவரை ஏற்றிப் போனால் வழக்கு நம் தலையில் விழுமா?

ஒட்டுசுட்டான் பக்கம் பட்டா வாகனம் (சின்ன லொறி) ஓட்டும் ஒரு தம்பியின் கடிதத்துக்கு இந்த முறை பதில். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, போன மாதம் கச்சான் மூட்டை ஏற்றிக்கொண்டு மாங்குளம் நோக்கி வந்தேன். இரவு எட்டரை இருக்கும். கரிப்பட்டமுறிப்பு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நடு வீதியில் மாடு ஒன்று செத்துக் கிடந்தது. அதற்கு அங்கால் ஒரு மோட்டார் சைக்கிள், பக்கத்தில் ஒரு பொடியன், தலையெல்லாம் இரத்தம். பின்னால் வந்த ஓட்டோக்காரரும் நானுமாகத் தூக்கி என் வாகனத்தில் கிடத்தினோம். 'நீங்கள் போங்கோ அண்ணை' என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மாங்குளம் ஆஸ்பத்திரியில் பொடியனைச் சேர்த்தேன். அங்கே நின்ற பொலிஸ் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். சிங்களத்தில் எழுதியதில் கையெழுத்து வைத்தேன். வாகனத்தை இரண்டு நாள் மறித்து வைத்தார்கள், மழையில் கச்சான் பழுதாகிவிட்டது. இப்போது பொடியனின் மாமா போன் எடுத்து, 'நீ இடிக்காவிட்டால் எதற்கு ஏற்றிக்கொண்டு போனாய்? இரண்டு இலட்சம் தந்தால் பேசித் தீர்க்கலாம்' என்கிறார். பொடியன் வவுனியா ஆஸ்பத்திரியில் கால் முறிவோடு கிடக்கிறான், நினைவு இருக்கிறது. 'வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டாய், இனி ஆர் கிடந்தாலும் நிற்பாட்டாதே' என்று மனுசி ஏசுகிறாள். நான் செய்தது பிழையா? வழக்கு வருமா? இன்னொன்று, மச்சான் லீசிங்கில் உழவு இயந்திரம் எடுக்க என்னைப் பிணைக் கையெழுத்து கேட்கிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கோ."

தம்பி, நீங்கள் செய்தது பிழையே இல்லை. அந்தப் பொடியன் இன்று வாய் திறந்து பேசுகிறான் என்றால் அதற்கு நீங்கள் பிரேக் பிடித்ததும் ஒரு காரணம். உங்கள் மனுசியின் கோபமும் எனக்கு விளங்குகிறது. கச்சான் போய், இரண்டு நாள் உழைப்பும் போய், இப்போது போனில் மிரட்டலும் வந்தால் எந்த வீட்டிலும் அந்தப் பேச்சுத்தான் வரும். அதனால் உங்களுக்கு இன்றைக்குத் தேவையானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாமாவுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். "ஏதோ ஐம்பதாயிரத்தைக் கொடுத்து முடித்துவிடு" என்று ஊரில் யாராவது நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். கொடுத்த அடுத்த நாளே "அவரே ஒத்துக்கொண்டு காசு தந்தவர்" என்று கதை மாறும். பொடியனின் நிலைக்காக மனம் இரங்கி ஏதாவது கொடுக்க விரும்பினால், விசாரணை முடிந்து உங்கள் பெயர் தெளிந்த பிறகு கொடுங்கள். இப்போது அவர் போன் எடுத்தால் சண்டை போட வேண்டாம். "நான் பொலிஸில் சொல்லியிருக்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததையும் அங்கேயே சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். அவர் எத்தனை மணிக்கு எடுத்தார், என்ன கேட்டார் என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பேச்சு மிரட்டலாக மாறினால் அது வேறு விடயம். சாட்சிகளை மிரட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் 2015 இலேயே இங்கே வந்துவிட்டது, 2023 இல் அதைப் புதிதாக இயற்றியும் இருக்கிறார்கள். அந்தக் கொப்பி அப்போது கை கொடுக்கும்.

"இடிக்காவிட்டால் ஏன் ஏற்றினாய்" என்ற கேள்வி கேட்க வலுவானதுபோல இருக்கும். நீதிமன்றத்தில் அது ஒரு சான்றே ஆகாது. இடித்தீர்கள் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், இடிக்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. நிரூபிப்பதென்றால் எதைக் காட்டுவார்கள்? உங்கள் வாகனத்தின் பம்பரிலும் ஹெட்லைட்டிலும் அடிபட்ட அடையாளம் இருக்க வேண்டும். அவனுடைய சைக்கிளில் உங்கள் வாகனத்தின் பெயின்ற் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் விடயத்தில் நடு வீதியில் ஒரு மாடு செத்துக் கிடந்தது, அதைச் சும்மா விட்டுவிட முடியாது. சைக்கிளின் முன் மட்காட்டிலும் போர்க்கிலும் மாட்டு மயிரும் இரத்தமும் இருந்திருக்கும். வாகனத்தை இரண்டு நாள் மறித்தது உங்களைக் கோபப்படுத்தியிருக்கிறது, நியாயம்தான். ஆனால் விபத்தில் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று நினைக்கும் வாகனத்தை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கும் வரை வைத்திருப்பது நடைமுறை. அவர் பார்த்துவிட்டு வாகனத்தை விட்டிருக்கிறார்கள் என்றால், அவருடைய அறிக்கை உங்களுக்குச் சாதகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கட்டாக்காலி மாட்டின் சொந்தக்காரர் முன்வர மாட்டார், அவரை எதிர்பார்க்காதீர்கள். ஓட்டோக்காரரை மட்டும் தேடிப் பிடியுங்கள். அந்த வீதியில் இரவில் ஓடும் ஓட்டோக்கள் எத்தனை இருக்கப் போகின்றன? மாங்குளம் சந்தியிலும் ஒட்டுசுட்டான் சந்தியிலும் விசாரித்தால் ஆள் அகப்படுவார். அவரும் உங்களைப் போலப் பயந்துதான் போயிருப்பார். தனியாகப் பொலிஸுக்குப் போகச் சொல்லாமல், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சாட்சி அந்தப் பொடியன்தான். வாட்டில் சேர்க்கும்போது எப்படிக் காயம் வந்தது என்று கேட்டு வைத்தியர்கள் ரிக்கற்றில், அதாவது நோயாளியின் பதிவுத் தாளில், எழுதுவார்கள், நினைவு திரும்பிய பிறகு சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தால் அவரும் கேட்பார். "மாடு குறுக்கே வந்தது" என்று அவன் ஒருமுறை சொல்லியிருந்தால் மாமாவின் கதை அதோடு சரி. நீங்கள் நேரில் போய் அவனிடம் எதையும் கேட்க வேண்டாம். சாட்சியை மாற்றப் போனார் என்ற பேச்சு வரும். பொலிஸ் கேட்கட்டும்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்படுத்திய ஒன்றுக்கு வருகிறேன். மற்றதெல்லாம் சரி, விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைத்தீர்களே, அதுதான்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. பொலிஸ் உங்களிடம் பெறும் வாக்குமூலத்தை எழுதி, உங்களுக்குக் காட்டியோ நீங்கள் பேசிய மொழியில் வாசித்துக் காட்டியோ, திருத்தம் இருந்தால் திருத்தி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். வட மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு இரத்தம் தோய்ந்த சேர்ட்டோடு வாங்கில் இருக்கிற ஒருவருக்கு இதையெல்லாம் கேட்கத் தைரியம் வருமா? வராது. "சைன் பண்ணிட்டுப் போ" என்றால் வைத்துவிட்டு வந்துவிடுவோம். அந்தத் தாள் பிறகு என்ன செய்யும் என்று பாருங்கள். நாளைக்கு நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, நான் வந்தபோது பொடியன் ஏற்கனவே விழுந்து கிடந்தான் என்று சொல்கிறீர்கள். தாளில், உங்கள் வாகனத்துக்கு முன்னால் விழுந்தான் என்று இருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த முரணைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பொய்யர் என்பார். எழுதியவர் வேண்டுமென்று செய்திருக்க வேண்டியதில்லை. அரைகுறைத் தமிழில் கேட்டு, களைப்போடு எழுதியிருப்பார், அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கிழமையே போய் மேலதிக வாக்குமூலம் ஒன்று கொடுங்கள். அதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால் அவர் நிற்கும் நேரத்தைக் கேட்டு அப்போது போங்கள். தனியே போகப் பயமென்றால் சட்டத்தரணி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. காசுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விசாரியுங்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போனவுடன் நேராகவே ஒன்றைக் கேளுங்கள்: "என்னைச் சாட்சியாகப் பதிந்திருக்கிறீர்களா, சந்தேகநபராகவா?" பதிலை வைத்துத்தான் அடுத்த படி. நடந்ததை ஒரு கடிதமாகத் தமிழில் எழுதி, நிலையப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இனி எப்போதாவது விளங்காத மொழியில் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட "எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டு வையுங்கள். அதற்கு ஒருவரும் உங்களைச் சிறையில் போட முடியாது.

நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் போங்கள். அது உங்களைக் குற்றவாளி என்று கூப்பிடும் கடிதம் இல்லை. போகாமல் விட்டால்தான் பிடியாணை வரும். சாட்சிகள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

உங்கள் மனுசியின் பயத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஆக்களுக்கு இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தற்காலிகம் என்று 1979 இல் வந்து, 1982 இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டம் வன்னியில் எத்தனை வீட்டுக்குள் புகுந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கு ஒரு இரவு படுக்க இடம் கொடுத்ததும், தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதும் குற்றமாகப் பார்க்கப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். "ஆரையும் தெரியாது, ஒன்றையும் பார்க்கவில்லை" என்பதைத் தாய்மார் சோற்றோடு சேர்த்து ஊட்டினார்கள். அது அன்றைக்கு உயிரைக் காத்த பாடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே சனம்தான் 2009 இல் முன்பின் தெரியாத காயக்காரரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியது, தன் பதுங்கு குழிக்குள் பக்கத்துக் குடும்பத்துக்கும் இடம் விட்டது. இரண்டும் எங்களுக்குள் இருக்கின்றன. வீதி விபத்து என்று வரும்போது அந்தப் பழைய பயத்துக்குச் சட்டத்தில் ஒரு வேரும் இல்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. அந்தப் பழைய சட்டத்திலேயே பொது விதிவிலக்குகள் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருக்கும் ஒருவருக்கு நன்மை செய்யும் நல்லெண்ணத்தோடு ஒன்றைச் செய்து, அதில் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்பது அதில் ஒன்று. நட்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதென்றால் உங்கள் கவனயீனத்தால் தீங்கு வந்தது என்று காட்ட வேண்டும். இருட்டில், நடு வீதியில், சாதாரண ஒரு மனிதர் எப்படி நடந்திருப்பாரோ அதை வைத்துத்தான் நீதிமன்றம் பார்க்கும், ஒரு வைத்தியரின் திறமையை உங்களிடம் எதிர்பார்க்காது. இங்கே வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், கேட்காமலே இன்னொருவரின் நன்மைக்காக நியாயமாகச் செலவு செய்தவர் அதைத் திரும்பக் கேட்கவும் இடம் வைத்திருக்கிறது. டீசல் காசுக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை, போடவும் வேண்டாம். சட்டம் உங்களை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "உதவி செய்தவரின் பெயரைக்கூடப் பொலிஸ் கேட்க முடியாது" என்று யூடியூப்பில் தமிழில் பல வீடியோக்கள் ஓடுகின்றன. அது இந்தியச் சட்டம். அங்கே 2016 இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டல்களை உறுதிசெய்து, 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்தார்கள். எங்களிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. வர வேண்டும், வந்தால் இந்த வீதிகளில் பல உயிர் தப்பும். அது வரும் வரை பொலிஸ் பெயரைக் கேட்கலாம், வாக்குமூலம் எடுக்கலாம், சாட்சிக்குக் கூப்பிடலாம். அலைச்சல் இருக்கும். அலைச்சல் வேறு, குற்றம் வேறு. மறுபக்கம், விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி நிற்பாட்டாமல் போவதுதான் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். பிழை யார் பக்கம் என்றாலும் அவர் நிற்க வேண்டும், உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும்.

இனி ஒருநாள் இப்படி நடந்தால் என்ன செய்வது? வாகனத்தை ஓரமாக நிறுத்தி ஹசாட் லைற் போட்டதும் 1990 க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை, தமிழில் பேசலாம். அந்த அழைப்பின் நேரம் உங்கள் போனில் பதிந்துவிடும், பிறகு அதுவே சான்று. அடுத்து போனில் படம் எடுங்கள். விழுந்து கிடக்கிறவரை முகத்துக்கு நேரே எடுத்து ஊருக்கு அனுப்புகிற வேலை வேண்டாம். கிடக்கிற சைக்கிள், மாடு, வீதி, அப்புறம் உங்கள் வாகனத்தின் முன்பக்கம். ஹெட்லைட் கண்ணாடியில் ஒட்டிய பூச்சியும் புழுதியும் குலையாமல் இருக்கிற அந்த ஒரு படம் ஆயிரம் வாக்குமூலத்துக்குச் சமம். எல்லாமாக ஒரு நிமிடம் போகாது. அம்புலன்ஸ் வரத் தாமதம் என்றால், அல்லது மூச்சு விடச் சிரமப்படுகிறார், இரத்தம் நிற்கவில்லை என்றால் ஏற்றுங்கள். கையிலும் காலிலும் பிடித்து மூட்டை தூக்குகிற மாதிரித் தூக்காமல், கழுத்தும் முதுகும் வளையாமல் மூன்று நான்கு பேராகத் தூக்குங்கள். இரத்தம் வருகிற இடத்தில் துணியால் அழுத்திப் பிடியுங்கள். சோடா, தண்ணீர் ஒன்றும் பருக்க வேண்டாம். கூட நின்றவரின் போன் நம்பரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு அசையாதீர்கள்.

வன்னியில் அடிக்கடி நடக்கிற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விழுந்தவர் குடித்திருப்பார், அல்லது கள்ள மண் ஏற்றப் போனவராக இருப்பார். "அண்ணை, ஆஸ்பத்திரி வேண்டாம், பொலிஸ் வரும், வீட்டில் விடுங்கோ" என்று காலைப் பிடிப்பார். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அவர் செய்தது எதுவாக இருந்தாலும், காயக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் குற்றத்துக்கு உடந்தை ஆகமாட்டார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வீட்டில் விட்டு, தலைக்குள் இரத்தம் கசிந்து விடியும் முன் அவர் இறந்துபோனால், கடைசியாக அவரோடு இருந்தவர் நீங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பதிவும் இல்லை. மரண விசாரணையில் சொல்ல உங்களிடம் ஒரு சாட்சியும் இல்லை. உதவியால் உண்மையான வில்லங்கம் வருவது இப்படியான நேரத்தில்தான். அதுபோலவே, அவருடைய வண்டியை ஒளித்து வைக்கச் சொன்னாலும் தொடாதீர்கள்.

இனி மச்சானின் பிணைக் கையெழுத்து. வீதியில் கிடந்தவரை ஏற்றியதற்கு உங்கள் வீட்டில் இவ்வளவு பேச்சு, லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதை ஒரு சின்ன விடயமாகக் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. முதலாவதில் உங்களுக்கு அலைச்சல் மட்டும், பொறுப்பு இல்லை. இரண்டாவதில் முழுப் பொறுப்பையும் எழுதியே வாங்குகிறார்கள். கடன் வாங்கியவரை முதலில் பிடித்து, அவரிடம் இல்லாவிட்டால்தான் பிணைகாரரிடம் வர வேண்டும் என்ற பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி அச்சடித்த படிவத்தில் அநேகமாக எப்போதும் இருக்கும். அதில் கையெழுத்து வைத்தால் மச்சான் கட்டாத தவணைக்கு நேராக உங்கள் கதவைத் தட்டலாம். விளைச்சல் பொய்த்த ஒரு போகம் போதும், உழவு இயந்திரத்தைப் பறித்து ஏலத்தில் விற்று, மிச்சத் தொகையை உங்களிடமும் கேட்பார்கள். வழக்கு என்று வந்தால் உங்கள் பட்டா வாகனத்திலும் கை வைப்பார்கள்.

வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, உறவு என்றால் சில சுமை சுமக்கத்தான் வேண்டும். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெற்றிடம் விட்ட தாளில் வைக்காதீர்கள். மொத்தத் தொகை, மாதத் தவணை, எத்தனை மாதம் என்பதை மச்சானையும் அவருடைய மனுசியையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். மச்சான் ஒரு ரூபாயும் கட்டாவிட்டால் அந்த முழுத் தொகையையும் உங்களால் கட்ட முடியுமா என்று மனுசியோடு இருந்து கணக்குப் பாருங்கள். முடியாது என்றால், முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். படிவம் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பினால் வாசித்துச் சொல்கிறேன்.